திரையில் ஆடுகளம் – 9: பந்து இல்லாத இடத்தில்

சென்ற வாரம் ஒளிபரப்பு உரிமைகளின் விலைவாசியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். 2023 முதல் 2027 வரையிலான ஐந்து ஆண்டு ஐ.பி.எல். ஆட்டங்களைத் தொலைக்காட்சியிலும் இணையத்திலும் காட்டும் உரிமை, உள்நாடும் வெளிநாடும் சேர்த்து, 48,390 கோடி ரூபாய்க்கு ஏலம் போனது என்பதையும், அந்தத் தொகையை 410 ஆட்டங்களுக்குப் பங்கிட்டால் ஆட்டம் ஒன்றுக்கு ஏறத்தாழ 118 கோடி ரூபாய் விழுகிறது என்பதையும் கண்டோம். இவ்வளவு திரவியத்தைக் கொட்டி வாங்கிய காட்சியை நம் கண்முன் எவ்விதம் படைக்கிறார்கள் என்ற கேள்வியை இந்த வாரம் எடுத்துக்கொள்வோம். படத்தின் துல்லியத்தைப் பற்றியோ, இரவைப் பகலாக்கும் ஒளியமைப்பைப் பற்றியோ, பந்தின் தையல் சுழல்வதைக்கூடக் கண்ணால் தொடரும்படி நிதானப்படுத்திக் காட்டும் வித்தையைப் பற்றியோ எனக்கு ஆட்சேபம் ஏதுமில்லை. அவையெல்லாம் வியக்கத்தக்க அளவுக்கு அபிவிருத்தி அடைந்துவிட்டன. ஆனால் சேப்பாக்கம் மைதானத்தின் மேல்வரிசையில், பந்து எது பறவை எது என்று பிரித்தறியவும் இயலாத தூரத்தில் அமர்ந்திருக்கும் ரசிகர் ஆட்டத்தைப் பற்றி அறிந்துகொள்கிற பல விஷயங்கள், பெரிய திரைக்கு எதிரே வீட்டில் சாவகாசமாகச் சாய்ந்திருக்கும் ரசிகருக்கு எட்டுவதே இல்லை. காமிரா பந்தைத் துரத்திக்கொண்டு ஓடுகிறது. ஆட்டத்தின் பெரும்பகுதியோ பந்து இல்லாத இடத்தில் நடந்துகொண்டிருக்கிறது. நான் சொல்லப்போகிற யோசனைகள் யாவும் இந்த ஒரு குறையைச் சுற்றியே அமையும்.

ஒரு சுழற்பந்து வீச்சாளர் தம் ஓவரின் நான்காவது பந்தை வீசப்போகிறார் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவது பந்து எல்லைக்கோட்டைத் தொட்டுவிட்டது. அணித்தலைவர் மிட்-ஆனில் நின்றவரைக் கைகாட்டிப் பின்னுக்கு அனுப்புகிறார்; டீப் மிட்விக்கெட்டில் இருந்தவர் பத்துத் தப்படி நகர்கிறார்; ஸ்லிப்பில் நிற்பவர் சற்றே அகல்கிறார்; கவர் பக்கம் வேண்டுமென்றே காலியாக விடப்படுகிறது. மட்டையாளர் குனிந்து ஆடுகளத்தைத் தட்டிச் சீர்செய்வதுபோல் பாவனை பண்ணிக்கொண்டே, எந்த வழி திறந்திருக்கிறது, திறந்துவைத்தவர் என்ன எண்ணத்தோடு திறந்துவைத்தார் என்று மனக்கணக்குப் போடுகிறார். மைதானத்தில் இருப்பவருக்கு இந்த நாடகம் முழுவதும் பிரத்தியட்சம். பந்து வீசுபவரின் கையை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே, "கவர் பக்கம் அடிக்கச் சொல்லி ஆசை காட்டறான் சார், அடிச்சா அவுட்டு" என்று அவர் பக்கத்து இருக்கைக்காரரிடம் ஆரூடம் சொல்லிவிடுகிறார். அதே நிமிஷத்தில் திரையில் தெரிவது என்ன? தலைக்கவசக் கம்பிகளுக்குள் வழியும் வியர்வை. வீச்சாளரின் விரல் நுனி. கன்னத்தில் வர்ணம் பூசிய ஒரு குழந்தை. விருந்தினர் மாடத்தில் ஒரு நடிகர். பிறகு பந்து, பிறகு ஆகாயத்தில் எழும் பந்து, பிறகு அதைப் பிடிக்கும் இரண்டு கைகள். அங்கே ஒருவர் நின்றுகொண்டிருந்தார் என்ற சமாசாரமே, பந்து அவர் கையில் விழுந்த பிறகுதான் நமக்குத் தெரியவருகிறது.

காமிராவின் இயல்பே இதுதான் என்று சமாதானம் சொல்லிவிட முடியாது. எங்கே காமிராவை வைப்பது, எதைக் காட்டுவது என்பதெல்லாம் மனிதர் செய்த தீர்மானங்கள். அவை மாறியும் இருக்கின்றன. 1970-களின் நடுப்பகுதி வரை கிரிக்கெட் ஒளிபரப்பில் பிரதானக் காமிராக்கள் மைதானத்தின் ஒரு முனையில் மட்டுமே நிறுத்தப்பட்டிருந்த காரணத்தால், ஓர் ஓவர் விட்டு ஓர் ஓவர், மட்டையாளரின் முதுகையும் விக்கெட் காப்பாளரின் பின்புறத்தையும் மட்டுமே ரசிகர்கள் தரிசித்துக்கொண்டிருந்தார்கள். அதைக் குறையென்று யாரும் எண்ணியதாகவும் தெரியவில்லை. ஆஸ்திரேலியாவில் ஒன்பதாம் எண் தொலைக்காட்சியின் அதிபதியாக இருந்த கெரி பேக்கர், 1976-இல் அந்நாட்டுக் கிரிக்கெட் வாரியத்திடம் மூன்றாண்டு உரிமைக்கு 15 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் தருவதாகச் சொல்லிக் கையை நீட்ட, வாரியம் பழைய பழக்கத்தை உத்தேசித்து அரசு ஒலிபரப்பு நிறுவனத்தின் பக்கமே சாய்ந்துவிட, கோபம்கொண்ட பேக்கர் உலகத்தின் சிறந்த ஆட்டக்காரர்களை இரகசியமாக ஒப்பந்தம் செய்துகொண்டு 1977-இல் தமக்கென்று ஒரு போட்டித் தொடரையே தொடங்கிவிட்டார் என்ற கதையை வாசகர் அறிவார்கள். அந்தக் கலகத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் வர்ண உடைகளையும், வெள்ளைப் பந்தையும், இரவு வெளிச்சத்தையும் விரிவாக வருணிப்பார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது, பேக்கரின் விளையாட்டு ஒளிபரப்புக்குப் பொறுப்பேற்ற டேவிட் ஹில் என்பவர் இரண்டு முனைகளிலும் காமிராக்களை நிறுவியதும், ஸ்டம்புகளின் அருகே ஒலிவாங்கியைப் புதைத்து மட்டையில் பந்து படும் ஓசையை வீட்டுக்குள் கொண்டுவந்ததும்தான்.

பேக்கரைப் பரோபகாரி என்று யாரும் சொல்லமாட்டார்கள். அவர் அதைச் செய்ததற்குக் காரணம் நிர்ப்பந்தம். அவருடைய ஆட்டங்களுக்கு டெஸ்ட் என்ற அந்தஸ்து இல்லை. தேசக் கொடியின் கவர்ச்சி இல்லை. முதலாண்டில் பேர்பெற்ற மைதானங்களும் கிட்டவில்லை. காலியான இருக்கைகளுக்கு நடுவே ஆடப்பட்ட ஆட்டத்தை, பார்க்கத் தகுந்ததாகக் காட்டினாலொழிய அவருக்கு வேறு பிழைப்பு இல்லை. 1978 நவம்பர் 28 அன்று சிட்னி மைதானத்தில் விளக்கொளியில் நடந்த ஆட்டத்துக்கு 44,000-க்கும் மேற்பட்டோர் திரண்ட பிறகுதான் அவர் மூச்சுவிட்டார். மறு ஆண்டே வாரியம் உரிமையை அவரிடம் ஒப்படைத்துவிட்டது. இன்றைய உரிமைதாரர்களுக்கு இத்தகைய நெருக்கடி கிடையாது. ஏலத்தில் வென்ற மறுகணமே ரசிகர்கள் அனைவரும் அவர்கள் கைக்குள் வந்துவிடுகிறார்கள். அதே ஆட்டத்தை வேறோர் அலைவரிசையில் வேறு விதமாகப் பார்க்க நமக்கு மார்க்கம் இல்லை. 118 கோடி கொடுத்து வாங்கியவர், அதை மீட்பதில் காட்டும் சிரத்தையை, காட்சியை மேம்படுத்துவதில் காட்டவேண்டிய அவசியமும் அவருக்கு ஏற்படவில்லை.

இங்கிலாந்தில் 1999-இல் நடந்த ஒரு மாற்றத்தையும் இங்கே நினைவுகூர்வது தகும். அதுகாறும் பி.பி.சி.யின் பரம்பரைச் சொத்துப்போல் இருந்துவந்த டெஸ்ட் ஒளிபரப்பு அவ்வாண்டு நான்காம் எண் தொலைக்காட்சிக்குக் கைமாறியது. புதிதாக வந்தவர்கள், மிடில்செக்ஸ் அணியில் வேகப்பந்து வீசிக்கொண்டிருந்த சைமன் ஹியூஸ் என்பவரை மைதானத்துக்கு வெளியே நின்ற ஒரு வாகனத்துக்குள் படக்கருவிகளோடு உட்காரவைத்து, மட்டையாளரின் கால் ஏன் அங்கே போயிற்று, வீச்சாளரின் மணிக்கட்டு எவ்விதம் மாறியது, அந்த மாற்றத்தை முன்கூட்டியே அறிவிக்கும் அடையாளம் என்ன என்று ஆட்டத்தின் ஊடே பாடம் சொல்ல வைத்தார்கள். பந்தின் பாதையைக் கணக்கிட்டு வரைந்து காட்டும் 'ஹாக்-ஐ' என்னும் சாதனத்தை 2001-இல் கிரிக்கெட் ஒளிபரப்புக்கு முதன்முதலாகக் கொண்டுவந்ததும் அவர்களே. ரசிகருக்கு விளங்கவேண்டும் என்பதற்காகப் பிறந்த அந்தச் சாதனம், 2008-இல் இந்தியா இலங்கையில் ஆடிய டெஸ்ட் தொடரில் தொடங்கிய முறையீட்டு ஏற்பாட்டின் வழியாக நடுவருக்கு உதவப்போய், இப்போது 'அவுட்டா, இல்லையா' என்ற ஒற்றைக் கேள்விக்கு விடைசொல்லும் யந்திரமாகக் குறுகிவிட்டது. ஒரு வீச்சாளர் ஒரு மணி நேரத்தில் எந்தெந்த இடத்தில் பந்தைக் குத்தினார், எப்போது அந்த இடத்தை மாற்றினார் என்று சித்திரமாகக் காட்டி அவருடைய சூழ்ச்சியை விளக்குவதற்கு அதைவிடச் சிறந்த கருவி வேறில்லை. அந்தக் காரியத்துக்கு அது எப்போதாவது, அதுவும் உணவு இடைவேளையில், உபயோகப்படுகிறது.

ஆகவே முதல் யோசனை, பந்துக்கும் பந்துக்கும் நடுவே முகங்களைக் குறைத்து மைதானத்தைக் காட்டுங்கள் என்பதுதான். உயரத்தில் நிறுத்திய ஒரு காமிராவின் அகன்ற காட்சி ஐந்து விநாடி வந்தால் போதும். பதினொருவரும் எங்கெங்கே நிற்கிறார்கள் என்பது புலப்பட்டுவிடும். திரையின் மூலையில் ஓட்ட எண்ணிக்கைக்கும் நிறுவன முத்திரைகளுக்கும் இடம் ஒதுக்குகிறவர்கள், களத்தடுப்பாளர்களின் நிலையைப் புள்ளிகளால் குறிக்கும் சிறு வட்டம் ஒன்றை அங்கேயே நிரந்தரமாக வைத்துவிடலாம். அதற்கு வேண்டிய தொழில்நுட்பம் எப்போதோ வந்துவிட்டது. அடுத்தது ஓவர் முடிவு. ஆறாவது பந்து காப்பாளரின் கையைச் சேருவதற்குள் சிமெண்டு மூட்டை வந்து நிற்கிறது. ஏழாவது பந்துக்கு வீச்சாளர் ஓடத் தொடங்கிய பிறகே அது விலகுகிறது. சர்வதேச ஒருநாள், இருபது ஓவர் ஆட்டங்களில் ஓர் ஓவர் முடிந்து 60 விநாடிக்குள் அடுத்த ஓவரைத் தொடங்க ஆயத்தமாக வேண்டும் என்று இப்போது கடிகாரம் வைத்து விதித்திருக்கிறார்கள். அந்த நிமிஷத்தில்தான் தலைவரும் வீச்சாளரும் கலந்து பேசுகிறார்கள், களம் முழுவதும் இடம் மாறுகிறது, இரண்டு மட்டையாளர்களும் நடுவில் சந்தித்து ஏதோ முடிவுக்கு வருகிறார்கள். விளம்பரமே கூடாதென்று கேட்பதற்கு நான் அவ்வளவு அப்பாவி அல்லேன். பணம் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் சென்ற வாரம் பார்த்தோமே. ஐ.பி.எல். ஆட்டங்களில் இன்னிங்ஸ் ஒன்றுக்கு இரண்டு முறை, முறைக்கு இரண்டரை நிமிஷம் என்று ஓய்வு கொடுக்கிறார்கள். அதை முழுமையாக வணிகர்கள் எடுத்துக்கொள்ளட்டும். ஓவர்களுக்கு இடையே மூன்றில் ஒன்றையாவது ஆட்டத்துக்குத் திருப்பித் தரலாம்.

மறு ஒளிபரப்பு என்னும் வித்தையிலும் இதே கோளாறு உண்டு. 1963 டிசம்பர் 7 அன்று பிலடெல்பியாவில் அமெரிக்கத் தரைப்படைக் கல்லூரிக்கும் கடற்படைக் கல்லூரிக்கும் நடந்த அமெரிக்கக் கால்பந்தாட்டத்தில், டோனி வெர்னா என்ற இளம் இயக்குநர், பெரிய நாடாப்பதிவு யந்திரம் ஒன்றை மைதானத்துக்கே சுமந்துவந்து, நடந்து முடிந்த ஓர் ஓட்டத்தைச் சில நொடிகளில் மீண்டும் காட்டினார். தரைப்படை அணி மறுபடியும் புள்ளி எடுத்துவிட்டது என்று ஜனங்கள் குழம்பிவிடப் போகிறார்களே என்று அஞ்சி, இது நேரலை இல்லை என்று வர்ணனையாளர் பதறிப்போய் எச்சரிக்க வேண்டியிருந்தது. அன்றைக்கு முழு ஆட்டத்திலும் ஒரே ஒரு முறைதான் அது காட்டப்பட்டது. இன்று கால்பந்தாட்டத்தில், கோலுக்கு வெளியே போன ஒரு சாதாரண உதையை மூன்று கோணங்களில் திரும்பத் திரும்பக் காட்டிவிட்டு நேரலைக்குத் திரும்புவதற்குள், எதிரணி பந்தை எடுத்துக்கொண்டு நடுக்கோட்டைத் தாண்டிவிடுகிறது. அந்தப் பத்து விநாடியில் தடுப்பாட்டக்காரர்கள் எவ்விதம் சிதறினார்கள், யார் பின்தங்கினார் என்பதெல்லாம் நமக்குக் கிடைப்பதில்லை. பின்னால் கோல் விழுந்தால் அதற்குரிய காரணத்தை இழந்துவிட்டுக் காரியத்தை மட்டும் கண்டு கைதட்டுகிறோம். பந்து உயிரோடு இருக்கும்போது பழங்கதை வேண்டாம் என்ற ஒரு விதியை ஒளிபரப்பாளர்கள் தமக்குத் தாமே விதித்துக்கொண்டால் போதும்.

கபடியைப் பற்றி இங்கே சற்று நின்று பேசவேண்டியிருக்கிறது. ஏனென்றால், இந்தியத் தொலைக்காட்சி ஒரு விளையாட்டைச் செம்மையாகக் காட்டிய உதாரணம் என்று நான் கருதுவது அதைத்தான். 2014 ஜூலை 26 அன்று மும்பையில் புரோ கபடி லீக் தொடங்கியபோது, கிராமத்து மண்ணில் புரண்ட ஆட்டத்தை யார் உட்கார்ந்து பார்க்கப்போகிறார்கள் என்று கேட்டவர்கள் அநேகர். தமிழ்நாட்டில் அந்தச் சந்தேகம் எழ நியாயமில்லை. கோயில் கொடையை ஒட்டியும் பொங்கலை ஒட்டியும் கம்பங்களில் விளக்குக் கட்டி விடிய விடியச் சடுகுடு நடத்தும் ஊர்கள் நம்மிடம் ஏராளம். ஆயினும் திரையில் அது இவ்வளவு சோபிதமாக அமையும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. யோசித்துப் பார்த்தால் காரணம் புரிகிறது. கபடியில் பந்தே கிடையாது! துரத்துவதற்கு ஒரு பொருள் இல்லாமற்போகவே, காமிரா வேறு வழியின்றி ஆட்டத்தையே பார்க்க நேர்ந்தது. ஆடவர் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். ஒரே சட்டத்துக்குள் முழுமையாக அடங்கிவிடுகிறது. பாடி வருகிறவர் ஒருவர், எதிரே எழுவர். மூலையில் நிற்பவரின் கால் எந்தப் பக்கம் திரும்புகிறது, கைகோத்த இருவர் எப்போது முன்னே வருகிறார்கள், போனஸ் கோட்டை நோக்கி அவர் நீட்டும் கால் மெய்யா பாசாங்கா என்பதெல்லாம் ஏககாலத்தில் கண்ணுக்குத் தெரிகின்றன.

அதோடு, ஒரு ரெய்டுக்கு 30 விநாடி என்ற விதியைத் திரையில் ஓடும் கடிகாரமாக மாற்றிக் காட்டினார்கள். தொடர்ந்து இரண்டு ரெய்டுகளில் புள்ளி கிடைக்காவிட்டால் மூன்றாவதில் புள்ளி எடுத்தே தீரவேண்டும், எடுக்காவிட்டால் பாடிப் போனவர் வெளியேற வேண்டும் என்ற விதியும், களத்தில் மூவரோ அதற்கும் குறைவாகவோ எஞ்சியிருக்கும்போது பிடித்துவிட்டால் கூடுதல் புள்ளி என்ற விதியும், ஆட்டத்தை அறியாதவரும் ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொள்ளும்படி திரையிலேயே எழுதிக் காட்டப்பட்டன. பயிற்சியாளர் இடைவேளை கேட்டு ஆட்டக்காரர்களைச் சுற்றி நிறுத்திக்கொண்டு திட்டுவதும் தேற்றுவதும் ஒலிவாங்கி வழியாக நம் காதில் விழுந்தன. இதில் எனக்குள்ள மனத்தாங்கல் ஒன்றே ஒன்று: பாடிப் போகிறவரின் குரல் கேட்பதில்லை. மூச்சை அடக்கி அவர் சொல்லும் 'கபடி, கபடி' என்ற ஜபம்தானே அந்த ஆட்டத்தின் உயிர்நாடி! அது அரங்கத்து மேளத்திலும் சங்கீத இரைச்சலிலும் அமிழ்ந்துபோகிறது. ஆட்டக்காரர் உடலில் ஒலிவாங்கி பொருத்துவது இயலாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மேளத்தை நிறுத்துவது இயலும்.

ஹாக்கிக்கும் கால்பந்துக்கும் இந்த அனுகூலம் இல்லை. ஏறத்தாழ 91 மீட்டர் நீளமுள்ள ஹாக்கித் திடலை ஒரே சட்டத்தில் அடக்கினால் பந்து கடுகளவாகிவிடும். உயரத்திலிருந்து முழுத் திடலையும் காட்டும் தனிக் காட்சி ஒன்றை இணையத்தில் மாற்று வழியாகக் கொடுப்பதே அதற்குப் பரிகாரம். பயிற்சியாளர்கள் தம் உபயோகத்துக்கு அப்படிப்பட்ட படத்தைத்தான் எடுத்துவைத்துக்கொள்கிறார்கள். தடகளத்தின் கதி இன்னும் மோசம். ஈட்டியெறிதலில் நம்மவர் பதக்கம் வெல்லும் ஒரே ஒரு வீச்சைக் காட்டுகிறார்களே ஒழிய, மற்றவர்கள் அதைத் தாண்ட முயன்று தோற்ற ஆறு சுற்றுப் போராட்டத்தைக் காட்டுவதில்லை. 2021 ஆகஸ்டு 7 அன்று டோக்கியோவில் நீரஜ் சோப்ரா எறிந்த 87.58 மீட்டர் இரண்டாம் சுற்றிலேயே வந்துவிட்டது. எஞ்சிய நான்கு சுற்றுகளிலும் யார் யார் அதை நெருங்கினார்கள் என்று சொல்லக்கூடியவர் நம்மில் எத்தனை பேர்?

வர்ணனையைத் தொடாமல் இந்த விஷயத்தை முடிக்கவியலாது. வானொலிக்காலத்தில், சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் போன்றவர்கள் தமிழில் கிரிக்கெட்டை வர்ணித்தபோது, கேட்பவருக்குக் கண்ணாக இருக்கவேண்டிய கடமை அவர்களுக்கு இருந்தது. ஆகையால் இடைவிடாமல் பேசினார்கள், பேசவேண்டும். தொலைக்காட்சிக்கு அந்தக் கடமை இல்லை. படம் சொல்வதற்கு மேலாக ஏதேனும் சொல்லமுடிந்தால் மட்டுமே வாயைத் திறக்கவேண்டும் என்ற கொள்கையை ஆஸ்திரேலிய வர்ணனையாளர் ரிச்சி பெனோ தம் வாழ்நாள் முழுவதும் அனுஷ்டித்தார். அவர் பேசாமல் இருந்த நேரங்களில் ரசிகர் ஆட்டத்தைத் தாமாகவே யோசித்தார். 1980 டிசம்பர் 20 அன்று அமெரிக்காவின் என்.பி.சி. நிறுவனம், டான் ஓல்மையர் என்னும் தயாரிப்பாளரின் யோசனைப்படி, மயாமியில் நடந்த ஓர் ஆட்டத்தை வர்ணனையாளரே இல்லாமல் ஒளிபரப்பியது. அது மீண்டும் நடக்கவில்லை. ரசிகர்களுக்கு வழிகாட்டும் குரல் வேண்டியிருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. நான்கு குரல்கள் வேண்டியதில்லை என்பதே என் கட்சி.

2017-இல் தமிழுக்கென்று தனி விளையாட்டு அலைவரிசை வந்தது பெருமகிழ்ச்சிக்குரிய நிகழ்ச்சி. முன்னாள் ஆட்டக்காரர்கள் தம் அனுபவத்தைத் தாய்மொழியில் மனம்விட்டுப் பேசக் கேட்பது ஆங்கில வர்ணனையில் ஒருபோதும் கிட்டாத சுகம். ஆனால் அந்த அனுபவஸ்தர்களையே, திரைப்பட வசனத்தைச் சந்தர்ப்பத்துக்குப் பொருத்திச் சொல்லும் வேலைக்கும், ஒருவரையொருவர் கேலி பேசிச் சிரிக்கும் வேலைக்கும் அமர்த்தியிருப்பது விசனகரம். ரஞ்சிப் போட்டிகளில் பதினைந்து வருஷம் புதிய பந்தைக் கையாண்ட ஒருவரிடம், இந்தப் பந்து ஏன் திடீரென்று மறுபக்கம் வளைகிறது என்று நமக்காகக் கேட்கக்கூடியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால், அந்த உரையாடல் எந்த நகைச்சுவைக்கும் குறைந்த சுவையுடையதாக இராது. 2023-இல் ஐ.பி.எல். ஆட்டங்களை இணையத்தில் பன்னிரண்டு மொழிகளில், போஜ்புரி உட்பட, வர்ணித்தார்கள். பன்னிரண்டு ஒலித்தடங்களைச் சமாளித்தவர்களுக்குப் பதின்மூன்றாவதாக, மைதானத்தின் ஓசை மட்டும் கேட்கும் தடம் ஒன்றைத் தருவதில் என்ன சிரமம்? மட்டையின் ஓசை, காப்பாளரின் கூவல், கூட்டத்தின் முணுமுணுப்பு; வேண்டியவர் கேட்டுக்கொள்ளட்டும்.

சதுரங்கத்தைத் தொலைக்காட்சியில் காட்டமுடியுமா என்று கேட்டால், ஒரு காலத்தில் எல்லோரும் சிரித்திருப்பார்கள். ஆனால் 1970-களின் நடுவே பி.பி.சி.யின் இரண்டாம் அலைவரிசை 'தி மாஸ்டர் கேம்' என்ற நிகழ்ச்சியைத் தொடங்கியது. ஆட்டம் முடிந்தபின் இரு ஆட்டக்காரர்களையும் தனித்தனியே அழைத்து, ஒவ்வொரு நகர்த்தலின்போதும் தம் மனத்தில் ஓடியதை நிகழ்காலத்தில் சொல்லவைத்துப் பதிவுசெய்து, பலகையின் சித்திரத்தோடு இணைத்து ஒளிபரப்பினார்கள். குதிரையை எடுக்கலாமா வேண்டாமா என்று ஒருவர் தத்தளிப்பதும், அதே கணத்தில் எதிரே இருப்பவர் அவர் எடுத்துவிடக் கூடாதே என்று தெய்வத்தை வேண்டிக்கொள்வதும் ரசிகருக்கு அடுத்தடுத்துக் கேட்கும். கண்ணுக்குத் தெரியாத மனப்போரை இதைவிட நேராகக் காட்டிய வேறொரு விளையாட்டு நிகழ்ச்சியை நான் அறியேன். நார்வேயில் 2015-இல் நடந்த போட்டியில் இதையே நேரலைக்குக் கொண்டுவந்தார்கள்: ஆட்டத்தின் நடுவே எழுந்துபோய் ஒரு சிறு அறைக்குள் புகுந்து, எதிராளிக்குக் கேளாமல் தம் எண்ணத்தை ரசிகர்களிடம் ஒப்புவித்துவிட்டு வரலாம். 2013-இல் சென்னையில் ஆனந்தும் கார்ல்சனும் மோதியதை நார்வே அரசுத் தொலைக்காட்சி மணிக்கணக்காக நேரலையில் காட்ட, அந்தத் தேசமே உட்கார்ந்து பார்த்தது. போட்டி நடந்ததென்னவோ நம் ஊரில்.

இப்போது சதுரங்க ஒளிபரப்புகளில் திரையின் ஓரத்தில் ஒரு பட்டை நிற்கிறது. கணினி கணக்கிட்டு, வெள்ளைக்கு எவ்வளவு சாதகம் கறுப்புக்கு எவ்வளவு என்று நொடிக்கு நொடி அதை ஏற்றி இறக்குகிறது. பாமரருக்கும் நிலவரம் விளங்குகிறதே என்று இதைப் பாராட்டுகிறவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சியில் இல்லை. 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் டிங் லிரெனுக்கும் குகேஷுக்கும் நடந்த உலக வாகையர் போட்டியின் பதினான்காவது ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சமநிலையில் முடிந்துவிடும் என்று யாவரும் கருதிய நிலையில், டிங் லிரென் தம் 55-ஆவது நகர்த்தலில் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். பட்டை அக்கணமே சரிந்துவிட்டது. சதுரங்கத்தில் சிப்பாய் எப்படி நகரும் என்றுகூடத் தெரியாதவர்களுக்கும் குகேஷ் உலக வாகையராகப் போகிறார் என்பது தெரிந்துபோயிற்று. தெரியாமல் இருந்தவர் குகேஷ் ஒருவர்தான்! சில விநாடிகள் கழித்து அவருடைய கண்கள் விரிந்தன. பலகையை மீண்டும் பார்த்தார். தம்மை அடக்கிக்கொள்ளப் பாடுபட்டார். பதினெட்டு வயதுப் பிள்ளை தன் வாழ்க்கையின் கனவு கைக்கெட்டிய தூரத்தில் வந்து நிற்பதைக் கண்டுபிடிக்கும் அந்தக் கணத்தில், பட்டையைக் காணாமல் இருந்திருந்தால், அவரோடு கூடவே நாமும் கண்டுபிடித்திருக்கலாம். விடையை முன்கூட்டிச் சொல்லிவிட்டு வினாவைக் காட்டுவதால் வந்த நஷ்டம் இது. நகர்த்தல் நடந்து ஒரு நிமிஷம் கழிந்தபின் பட்டை அசையட்டும்; அந்த ஒரு நிமிஷத்தில் வல்லுநர்கள் தம் மூளையைக் கொண்டு விளக்கட்டும். மிகச் சிறிய சீர்திருத்தம், செலவே இல்லாதது.

இவற்றையெல்லாம் யார் செய்வார்கள்? போட்டியற்ற உரிமைதாரர் செய்யமாட்டார் என்பதை மேலே சொன்னேன். ஆகவே என் கண் தூர்தர்ஷன் பக்கம் போகிறது. 1993-இல் ஹீரோ கோப்பை ஒளிபரப்பைப் பற்றி எழுந்த வழக்கில், அலைவரிசைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரி 9 அன்று தீர்ப்பளித்தது. 2007-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, தேசிய முக்கியத்துவம் வாய்ந்தவை என்று அரசு அறிவிக்கும் விளையாட்டுகளின் ஒளிபரப்பை, தம் விளம்பரங்களை நீக்கிவிட்டு, தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதிக்கு உரிமைதாரர்கள் பகிர்ந்தளிக்க வேண்டும். 'விளம்பரங்களை நீக்கிவிட்டு' என்ற அந்தச் சொற்றொடரை நினைக்க நினைக்க எனக்கு ஆதங்கம் பெருகுகிறது. வணிகரின் முத்திரையற்ற, சுத்தமான காட்சி, சட்டத்தின் பலத்தால் அரசுத் தொலைக்காட்சியின் வாசலுக்கு வந்து சேர்கிறது. அவர்களோ தம் பங்குக்குக் கிடைத்த விளம்பரங்களை அதே இடத்தில் நிரப்பி அப்படியே அனுப்பிவைக்கிறார்கள். கிடைக்கும் வருமானத்தில் குறைந்தது முக்கால் பங்கு உரிமைதாரருக்கே போகவேண்டும் என்பதும் சட்டம். அந்தக் கால் பங்குக்காக ஓவரின் முடிவை விற்பதைவிட, ஓவர்களுக்கு இடையே மைதானத்தைக் காட்டி, ஒரு குரல் மட்டும் பேசும் வர்ணனையோடு, விளக்கும் ஒளிபரப்பாக அதை நடத்திப் பார்க்கலாம். காமிராக்கள் அவர்களுடையவை அல்ல என்பது மெய்தான். ஆனால் வந்துசேரும் படத்தில் இருப்பதைக் கெடுக்காமல் விடுவதற்குச் சொந்தக் காமிரா எதற்கு?

இன்னொரு திசையிலிருந்தும் ஒத்தாசை வரக்கூடும். தமிழ்நாட்டுக் கிராமங்களில் நடக்கும் கபடிப் போட்டிகளை, உள்ளூர் இளைஞர்கள் ஒரு மேடையின் மீது ஒற்றைக் காமிராவை நிறுத்தி, யூடியூபில் இரவெல்லாம் நேரலையாகக் காட்டுகிறார்கள். காமிரா அசைவதில்லை; களம் முழுவதும் தெரிகிறது; ஊர்க்காரர் ஒருவர் ஒலிபெருக்கியில் ஆட்டக்காரரைப் பெயர் சொல்லி அழைத்து, இன்ன ஊர் அணி, இத்தனை புள்ளி என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். வேறு நகரத்தில் வேலைபார்க்கும் அவ்வூர்ப் பிள்ளைகள் அதைக் கைப்பேசியில் பார்க்கிறார்கள். அந்த ஒளிபரப்பில் இல்லாதவை மூன்றுதான்: திரையின் மூலையில் நிரந்தரமாக நிற்கும் புள்ளிக் கணக்கு, 30 விநாடிக் கடிகாரம், நடுக்கோட்டுக்கு நேரே இரண்டாவது காமிரா. மாவட்ட விளையாட்டு அலுவலகங்கள் இதற்குரிய சாமான்களை வாங்கி, கேட்பவர்களுக்கு இரவல் கொடுக்கும் ஒரு திட்டம் வகுத்தால், அதற்காகும் செலவு ஒரு ஐ.பி.எல். ஆட்டத்தின் உரிமை விலைக்குப் பக்கத்தில்கூட வராது.

இப்படி எடுக்கப்படும் படங்களை யார் பாதுகாத்து வைப்பது என்ற கேள்வியும் இதனோடு பிறக்கிறது. 1983 ஜூன் 18 அன்று டன்பிரிட்ஜ் வெல்ஸ் மைதானத்தில் ஜிம்பாப்வேக்கு எதிராகக் கபில்தேவ் ஆட்டமிழக்காமல் எடுத்த 175 ஓட்டங்களின் படப்பதிவு உலகில் எங்கும் இல்லை. அதைப் பற்றியும், நம் தொலைக்காட்சி நிலையங்களின் பழைய நாடாக்களைப் பற்றியும் அடுத்த இதழில் எழுதுகிறேன்.

(தொடரும்)